மூன்று பேர் சொன்னது

ஐப்பசி 9, வியாழன்.

மூன்று பேர் சொன்னால் எழுதலாம் என்பது என் பழைய விதி. அதை நம்பித்தான், நெசவாளர் சங்கம் கொடுத்த சரிகையை ஒரு நெசவாளி மாற்றிவிட்டு, போலிச் சரிகையில் சேலை நெய்தார் என்று பேப்பரில் எழுதினேன். நெசவாளி கற்பகத்தின் பெயரைப் போடவில்லை, தெருவைப் போட்டேன். அந்தத் தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் தறி இருக்கிறது.

இன்று காலை சங்கத்தில் அவருக்கு அடுத்த சேலை நெய்யப் பாவு நூல் தர மறுத்துவிட்டார்கள். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"நான் மாத்துனதை யாரு சார் பார்த்தாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

மூவரையும் மறுபடி போய்ப் பார்த்தேன். சங்கத்துக் கணக்கர், சாயக்காரர் சொன்னதாகச் சொன்னார். சாயக்காரர் டீக்கடைக்காரரைக் காட்டினார். டீக்கடைக்காரர் சிரித்தார்.

"கணக்கருதான் சார், இங்க குந்திக்கினு சொன்னாரு. நெசமான்னு என்னை ஏன் கேக்குறீங்க? அதான் பேப்பர்லயே வந்துடுச்சே!"

யாரும் பார்க்கவில்லை. மூன்று பேரும் சொன்னது ஒருவர் வாயிலிருந்து ஒருவர் எடுத்தது. நான் தலைகளை எண்ணினேன், கண்களை எண்ணவில்லை. முப்பது வருடத்தில் இப்படி எத்தனை எழுதினேனோ.

நான் எழுதும் மறுப்பில் பெயர் போட்டால்தான் சங்கம் ஏற்கும். போடலாமா என்று கேட்க மாலையில் கற்பகத்தின் வீட்டுக்குப் போனேன்.

"போடுங்க சார். இனிமே தெரியாதவங்க யாரு இருக்காங்க?"

மறுப்பை முழுப்பெயரோடு பேப்பருக்கு அனுப்பிவிட்டேன். காலையில் சங்கம் திறக்கும்போது பேப்பரோடு அங்கே நிற்க வேண்டும். கண் எரிகிறது.