கார்பாலிக் தின்னாத கை

இன்று காலை வார்டில் புதிய கார்பாலிக் ஜாடியைத் திறந்தார்கள். நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து தொலைத்தது. செத்தும் என்னை விடமாட்டாய் போலிருக்கிறது.

மைன்ஸ் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தோம். சுரங்கத்தில் பாறை விழுந்து நசுங்கியவர்கள், வெடியில் சிதைந்தவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு புண்ணையும் தொடுமுன், கிருமி சாகட்டும் என்று கார்பாலிக் தண்ணீரில் கையை முக்க வேண்டும். என் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. சோறு பிசைந்தால் உயிர் போகும். உன் கையோ கல்யாணப் பெண்ணின் கை மாதிரி இருந்தது.

வெடித்த கை பட்டால் புண்ணில் சீழ் பிடிக்கும் என்று வெள்ளைக்காரத் துரை டாக்டர் என்னை ஆபரேஷன் மேஜையிலிருந்து விலக்கினார். அங்கே நிற்பவள்தான் பெரிய நர்ஸ் ஆக முடியும். அந்த இடம் உனக்குப் போனது. எனக்குக் கட்டுத்துணி துவைக்கும் வேலை.

நீ விளக்கெண்ணெயோடு வந்தாய். "இன்னாடி இது, கைய ஈரமாவே வுட்டுட்ற? வெரலு இடுக்குல நல்லா தொட. எண்ணெ தடவி, துணி சுத்திக்கினு படு."

"உன் பவுசு உன்னோடயே இருக்கட்டும், போடி," என்றேன்.

சுத்தத்தில் உன்னை மிஞ்சிக் காட்டுகிறேன் பார் என்று அளவுக்கு மேல் கார்பாலிக் ஊற்றிக் கழுவினேன். எரிச்சல் அடங்கி விரல் மரத்துப்போனது. குணமாகிறது என்று நினைத்தேன். மறுநாள் தோல் வெள்ளையாக உரிந்து வந்தது.

"அய்யோ, கைய வேவ வச்சிக்கினியேடி!" என்று கத்தினாய். அப்புறம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நீயே எண்ணெய் பூசினாய், என் பங்குத் துணியையும் துவைத்தாய். என் கை ஆறியது. நன்றியா வந்தது? அத்தனை துணி துவைத்தும் உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வயிறு எரிந்தது.

காய்ச்சல் வார்டுக்கு நீயாகப் போனாய், காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்தாய். உன்னைக் குளிப்பாட்டியவள் நான்தான். கைகளை மார்மேல் சேர்த்து வைத்தபோது பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அழுதுகொண்டே பொறாமைப்பட்டேன்.

நீ சொன்னபடிதான் தினமும் துடைத்து, எண்ணெய் தடவி, துணி சுற்றிப் படுக்கிறேன். இப்போது ஆபரேஷன் மேஜையருகே நிற்பவள் நான். "நர்சம்மா கையி, அந்தம்மா கையாட்டமே கீது," என்கிறார் கம்பவுண்டர். இதிலும் நீதான் முந்தி!

போன வாரம் என்னைப் பெரிய நர்ஸ் ஆக்கிவிட்டார்கள். ஜெயித்துவிட்டேன்டி. நீ இருந்திருந்தால் அதை உன் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்ட ஓடி வந்திருப்பேன். வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ருசிக்கவில்லை.