தனித்தனியே எவ்வளவு நேரம்?

என் அருமை அக்கா,

அங்கேயாவது நல்ல தண்ணீர் கிடைக்கிறதா? இங்கே வழக்கம்போல உப்புதான்.

ஒவ்வொரு திவசத்துக்கும் உன் படத்துக்கு முன்னால் வடை வைத்துக் கும்பிடுகிறேன். நீ அந்த வடையை முறைப்பது மாதிரியே இருக்கிறது. உளுந்து சரியாக அரைபடவில்லை, எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த வருஷம் வடையோடு ஒரு கடிதமும் வைக்கிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துப் பிழையை எல்லாம் உன் மகள் வசந்திதான் திருத்தினாள். திருத்தும்போது சிரித்தாள். அவள் சிரிக்கட்டும் என்று இன்னும் நாலு பிழை சேர்த்துப் போட்டேன்.

மாமா இப்போது உப்பு லாரியில் கிளீனராகப் போகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அந்த இரண்டு நாளும் தூங்குவார். வசந்தி என்னோடுதான் இருக்கிறாள், பதினொன்றாவது படிக்கிறாள். பெரிய பரீட்சை, அதான் எஸ்.எஸ்.எல்.சி., இந்த வருஷம்தான். மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிடுகிறாள். கணக்கு என்றால் மட்டும் முகம் செத்துவிடுகிறது.

அரைப்பரீட்சையில் கணக்கில் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்குப் பதினொன்று. “பதினொண்ணாவது படிக்கிறவளுக்குப் பதினொண்ணு பொருத்தமாத்தான் இருக்குது”ன்னு கேலி செய்தேன். நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பொங்கல் முடிந்து உப்பளத்தில் பாத்தி மிதிக்க ஆள் கூப்பிட்டார்கள். அந்த வேலை நீ இருந்த காலத்தில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. மழையில் குழைந்த தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்க வேண்டும். அந்தச் சேதி காதில் விழுந்ததும் வசந்தி சொன்னாள்: “திங்கக்கெழமையிலேர்ந்து நானும் வர்றேன் சின்னம்மா. இஸ்கூலுக்கு முழுக்கு.”

“ஏண்டி?”

“சார் போர்டுல போடும்போது புரியற மாதிரிதான் இருக்குது. வீட்டுக்கு வந்து புக்கைத் தொறந்தா ஒண்ணுமே தெரியல. எனக்கு வராது, வுட்டுடு.”

மாமாவிடம் போய்ச் சொன்னேன். “உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய், செண்பகம்”னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கு எது சரி என்று பட்டால்தானே அக்கா?

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் ஆசையாகவும் இருந்தது. அவள் வந்தால் பேச்சுத் துணை ஆயிற்று. உன் நடை, உன் கை வீச்சு, அப்படியே அவளிடம் இருக்கிறது. இன்னொரு பக்கம் அந்தச் சின்னக் கால் உப்புத் தண்ணீரில் வெடிப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய்? போகிற அவசரத்தில் அதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாயே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். “உன்னை அழ வச்ச கணக்கு எதுடி? காட்டு. அந்த மூஞ்சியை நானும் பாக்கறேன்” என்றேன். பின்தெரு காமாட்சியும் வந்து உட்கார்ந்தாள். நீ போன பிறகு உப்பளத்தில் அவள்தான் எனக்கு ஜோடி. வெற்றிலை மென்று முடிக்காமல் ஒரு வேலையும் தொடமாட்டாள், உனக்குத் தெரியாததா.

எழுத்துக் கூட்டி நானே படித்தேன். இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்புகின்றனவாம். தனித்தனியே நிரப்பினால் ஒரு குழாய்க்கு மற்றதைவிட ஐந்து மணி நேரம் கூடுதலாகுமாம். எனில், ஒவ்வொன்றும் தனித்தனியே எவ்வளவு நேரத்தில் நிரப்பும்?

காமாட்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “ரெண்டையும் தொறந்து வுட்டா ஆறு மணியில ரொம்பிடுது இல்ல? அப்புறம் இன்னாத்துக்குத் தனித்தனியாத் தொறந்து பாக்கணும்? வேலை இல்லாதவனா அவன்?”

“கணக்கு அப்படித்தான் அத்தை. மொதல்ல எக்ஸுன்னு வச்சிக்கணும்.”

“எக்ஸுன்னா யாருடி?” என்றேன் நான்.

“தெரியாத நேரம்.”

“தெரியாததுக்குப் பேர் வச்சிட்டா தெரிஞ்சிடுமா?”

“அதான் எனக்கும் புரியல” என்றாள். கண் கலங்கிவிட்டது. இதற்கு முந்தின கணக்கில் எக்ஸ் என்பது ஒரு அப்பாவின் வயசாம். இந்தக் கணக்கில் குழாயாக வந்து நிற்கிறது. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

“சரி, செஞ்சே பாத்துடலாம் வாங்க” என்று எழுந்தேன். கொல்லையில் தகர டிரம் கிடக்கிறது, பின்னால் கால்வாய், கையில் ஆளுக்கு ஒரு குடம். நான் வேகமான குழாய், காமாட்சி மெதுவான குழாய். நான் தனியாக டிரம்மை நிரப்பி முடித்தபோது காமாட்சி பாதி வெற்றிலைதான் மென்றிருந்தாள். அதைக் கவிழ்த்துவிட்டு அவள் தனியாக நிரப்ப ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நான் மீனை ஆய்ந்து, குழம்பும் கூட்டிவிட்டேன். வசந்தி கல்லின்மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கவிழ்த்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றினோம். அங்கேதான் வந்தது வினை. நாலு நடை போவதற்குள் நானும் காமாட்சியும் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக மொண்டு, ஒன்றாக நடந்துகொண்டிருந்தோம்.

“சின்னம்மா! நீ இன்னாத்துக்கு நின்னே?”

“காமாட்சி வரட்டும்னுதான்.”

“அத்தை, நீ இன்னாத்துக்கு ஓடறே?”

“அவ நிக்கிறா பாரு, பாவம்!”

திரும்பச் செய்தோம். திரும்பவும் அப்படியேதான். நீயே சொல், நம்மால் வேறு எப்படி முடியும்? வரிசையில் நின்று மிதித்து மிதித்துப் பழகிய கால். ஒருத்தி முந்தினால் தரை ஒரு பக்கம் குழியும், ஒருத்தி பிந்தினால் இன்னொரு பக்கம் மேடாகும், மேஸ்திரி கத்துவார். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது என் பாட்டுக்கு வேலை செய்ய எனக்கு வரவே வராது.

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! “பைப்புக்கு ஜோடியெல்லாம் தெரியாது சின்னம்மா! பக்கத்துல யாரு ஊத்தறாங்கன்னு அது திரும்பிப் பாக்காது. தனியா இருந்தா ஒரு மணி நேரத்துல எவ்ளோ ஊத்துமோ, சேந்து ஊத்தனாலும் அவ்ளோதான்...”

சட்டென்று நிறுத்தினாள். “இரு, இரு. அவ்ளோதான்னா...” என்று உள்ளே ஓடினாள். புத்தகத்தோடு திரும்பி வந்தாள். “ஒரு மணி நேரத்துல இது ஊத்தற பங்கு, அது ஊத்தற பங்கு, ரெண்டையும் கூட்டணும். கூட்டினா தொட்டியில ஆறுல ஒரு பங்கு. அவ்ளோதான் சின்னம்மா!”

“அது எப்படிடி?”

சொன்னாள். எனக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. மறுபடி சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது. எனக்குச் சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் தெளிந்துகொண்டே வந்தது. ஒரு குழாய்க்குப் பத்து மணி, இன்னொன்றுக்குப் பதினைந்து. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தாள். அதேதான்.

ஆனால் பத்தோடு கூட மைனஸ் மூன்று என்று இன்னொன்றும் வந்திருந்தது. அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள்.

“கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதை ஏண்டி அடிக்கிறே?”

“நேரம் சைபருக்குக் கீழ போவாது சின்னம்மா.”

“போனா?”

கொஞ்சம் யோசித்தாள். “தொறக்கறதுக்கு முன்னாடியே தொட்டி ரொம்பிடும்னு நெனைக்கிறேன்.”

“அந்த மாதிரி பைப்பு எங்கனா கெடைச்சா நம்ம தெருவுக்கு ஒண்ணு போடச் சொல்லு.”

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அடிச்சிடுங்கன்னு மட்டும்தான் சார் சொன்னாரு. அது ஏன் வருதுன்னு சொல்லவே இல்ல. நாளைக்குக் கேக்கணும்.”

நாளைக்கு என்றால் திங்கட்கிழமை. காமாட்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன்.

திங்கட்கிழமை நாங்கள் மிதித்துக்கொண்டிருக்கும்போது வசந்தி பையை மாட்டிக்கொண்டு சாலையில் போனாள். எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். கால் வரிசை தப்பியது. “ஏம்மா, தேரா வருது, வேடிக்கை பாக்கறே?” என்று மேஸ்திரி சத்தம் போட்டார். சாயங்காலம் வந்து, சார் சொன்னதை எனக்குச் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கும் பாதிதான் விளங்கியதாம். மீதியைக் கேட்கச் செவ்வாய்க்கிழமையும் போனாள்.

எனக்குத்தான் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. தனித்தனியே எவ்வளவு நேரம்? நீ இருந்தவரைக்கும் உன் வேகம்தான் என் வேகம். இப்போது காமாட்சியோடு நடந்து நடந்து அவள் வேகம். என் வேகம் எதுவென்று நான் எப்போது பார்த்தேன்? நீ போன அன்றிலிருந்து நான் தனியாகத்தானே நடந்திருக்க வேண்டும்? காலையில் எழுந்தால் உன் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நிற்கிறேன். யார் வரட்டும் என்று நிற்கிறேன்? குழாய்க்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை பார்.

பெரிய பரீட்சையில் வசந்தி தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. சில நாள் தலையும் வாலும் புரியாமல் புத்தகத்தை மூடிவிடுகிறாள். அப்போது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “இது இன்னாடி?” என்று கேட்கிறேன். திட்டிக்கொண்டே மறுபடி திறக்கிறாள். நேற்று இரண்டு ரயில் எதிரெதிரே வருகிற கணக்காம். “நான் ரயிலே ஏறினதில்லடி!” என்று காமாட்சி எழுந்து ஓடியேவிட்டாள்.

அக்கா, வரிசையில் நீ நின்ற இடத்தில் உன் மகளை நான் நிறுத்த மாட்டேன். இது சத்தியம். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. ஆனால் புரியாமல் கேட்பதற்கு இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இன்னும் ஒன்றுமே புரியாத
உன் தங்கை
செண்பகம்