படிக்காமல் அழுத்திய 'சரி'

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? ஓய்வுக்குப் பிறகும் எனக்கு வேலை தந்த இந்தப் பள்ளியில் நேற்று கணினி படுத்துவிட்டது. இயங்குதளத்தை மறுபடி ஏற்ற, என் பென் டிரைவைத்தான் கணினியைத் துவக்கிவைக்கும் 'பூட்டபிள்' டிரைவாக மாற்றினேன். கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் புதுப்பாடம் எழுதுவதுபோல, முதலில் டிரைவுக்குள் இருப்பதெல்லாம் அழியும். "அழிக்கலாமா?" என்று அது கேட்கவும் செய்தது. கேள்வியை இரண்டு முறை படியுங்கள் என்று முப்பது வருடம் கத்தியவன், படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிட்டேன்.

கணினி பிழைத்துக்கொண்டது. "சாருக்கு முட்டை மார்க்குதான்!" என்றார் கணக்கு டீச்சர். நானும் சிரித்தேன்.

நான் கிளம்பும்போது நீ பேசிப் பதிவுசெய்து தந்தது அந்தப் பென் டிரைவில்தான் இருந்தது. தினமும் காலையில் கேட்பேன். மறுபடி பேசி அனுப்புவாயா? "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று திட்டினாயே, அதை மட்டும் விட்டுவிடாதே.

வகுப்பு மணி அடிக்கிறது.

உன் வாத்தியார்