பீரோ சாவி என்னிடம்

என்னங்க,

ஃபைபர் இணைப்புக்கு ஆள் காலையிலேயே வருவார். மறுபடி படுத்துவிடாதீர்கள். மோடத்தை ஹால் அலமாரிக்கு மேல், திறந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். "விளக்கு மினுங்குது, தூக்கம் வரல" என்று பழைய மோடத்தை இரும்பு பீரோவுக்குள் அடைத்து வைத்தது போதும். இரும்பைத் தாண்டி நெட் வருமா? நான் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ஆபீஸ் மீட்டிங் பேசுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "வீட்டுல ஏதாச்சும் சண்டையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

மோடம் விளக்கின் மேல் ஒட்டக் கறுப்பு டேப் மேசையில் இருக்கிறது. சாப்பாடு ஹாட்பாக்ஸில்.

பி.கு.: பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போகிறேன். உங்கள் சட்டையெல்லாம் உள்ளேதான். வருகிறவர் முன்னால் பனியனோடு நில்லுங்கள், மானம் போவது எப்படியென்று தெரியட்டும்.

கதவுக்குப் பின்னால் ஒரு சட்டை மாட்டியிருக்கிறேன். மனசு கேட்கவில்லை.