தபேலா போன மருந்துப் பெட்டி

கரம்பொன்,
16.9.1984

அன்பு மகன் தில்லைநாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உயிரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், நீயும் அங்கே ஜெர்மனிக் குளிருக்குள் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கோஷ்டி இந்த முறை கண்டியில் என்ன வாசித்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வாசிக்கவில்லை மகன். இவர்கள் கண்டிக்குப் போய்ச் சேரவே இல்லை.

அப்பாவைப் போல ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரிமாரின் சங்க மாநாடு என்றால் அவருக்கு நல்லூர்த் திருவிழாவை விடப் பெரிது என்பது உனக்குத் தெரியும். முன்பொருமுறை பதுளை மாநாட்டுக்குப் பேசிவைத்த பாட்டுக்காரர் வராமல் போக, பக்கத்துத் தீவு அப்போதிக்கரி சிவபாதம் சாப்பாட்டு மேசையில் தாளம் போட, மாத்தளைத் திசாநாயக்க மண்டலினை எடுக்க, அப்பா வயலினோடு எழும்பியதில் தொடங்கிய கூத்து. வருஷம் முழுவதும் ஆளையாள் காணாத மனிதர்கள், ஒத்திகையும் கிடையாது, மாநாட்டின் கடைசி விருந்தில் மட்டும் சேர்ந்து வாசிப்பார்கள். போன வருஷக் கலவரத்தோடு அதுவும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். திசாநாயக்க விடவில்லை, நீரும் சிவபாதமும் வராவிட்டால் நான் மண்டலினை உறையிலிருந்து எடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்ட பிறகு அப்பாவைக் கட்டிப் போட முடியுமா?

சிவபாதத்தின் தபேலா எப்போதும் ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டிக்குள்தான் போகும். சிவப்புச் சிலுவை போட்ட பெட்டியை ரயிலில் ஒருவரும் தூக்கி எறியமாட்டார்கள், மேலே ஏறி இருக்கவும் மாட்டார்கள் என்பது இவர்கள் கண்டுபிடித்த புத்தி. இத்தனை வருஷம் பலித்தது. இந்த முறை மண்டைதீவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துப் பெட்டிக்குள் என்ன என்று கேட்க, சிவபாதம் பழக்கதோஷத்தில் மருந்து என்று சொல்லிவிட்டார். திறந்தால் தபேலா. பொய் சொல்லி எதை ஒளித்துக் கொண்டுபோகிறீர்கள் என்று தோலைக் கத்தியால் கிழித்துப் பார்த்தார்களாம். இரண்டு பேரையும் வெயிலில் இருத்திவைத்துப் பொழுது சாயத்தான் விட்டார்கள். அடி விழவில்லை, அதுவே பெரிய காரியம்.

அதோடு முடிந்திருந்தால் நானும் வாய் நிறையப் பேசிவிட்டு மறந்திருப்பேன். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த உண்மையான மருந்துப் பெட்டியையும் அதே இடத்தில் மறித்து, இதுவும் மேளமா என்று இறக்கிவைத்துவிட்டார்கள். எனது இன்சுலினும் கோயிலடி அல்போன்சம்மாவின் இன்சுலினும் அதற்குள்தான் இருந்தன. அப்பா ஓடிப்போய்க் கெஞ்சி மன்றாடி எடுத்து வந்தபோது ஐஸ் எல்லாம் உருகிப் போத்தல்கள் வெயிலில் காய்ந்து கிடந்தனவாம். அடியில் இருந்த ஒன்றே ஒன்றுதான் பாவிக்கலாம் என்றார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார். இஞ்சேருங்கோ, அல்போன்சம்மாவுக்குக் கைக்குழந்தை இருக்கு, கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ என்று நான்தான் சொன்னேன். அப்ப உமக்கு என்று அவர் கேட்டார். என்ரை பழைய போத்தல் ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள்ளை குளிராக் கிடக்கு என்றேன். கிடந்தது உண்மைதான், எவ்வளவு கிடந்தது என்று நான் சொல்லவில்லை. ஊசியைப் பாதியாக்கி, சோற்றையும் குறைத்து நாளை ஓட்டுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது மகன், உன்னிடம் மறைத்து என்ன. அவருக்கும் தெரியாமல் இருக்காது, அந்த முட்டியைத் திறந்து பார்க்கத்தான் அவருக்குத் துணிவில்லை.

இன்று காலையும் சைக்கிளில் யாழ்ப்பாணம் போயிருக்கிறார். கிடைக்கிற மருந்தைப் பெட்டியில் அடைக்காமல், எல்லாரும் பார்க்கும்படி திறந்த கூடையில் ஐஸ் போட்டுக் கொண்டுவரப் போகிறாராம். வயலினை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். சங்கத்துக்குத் தன் பெயரை வெட்டச் சொல்லியும் எழுதிவிட்டார். முதலில் எனக்கு வந்தது கோபம், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நீ இதையெல்லாம் யோசித்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. தலைக்கு எண்ணெய் வை, பியர் பழக்கம் வேண்டாம். அம்மாளாச்சி உன்னைக் கண்போலக் காப்பாள். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. என் நீரிழிவு வருத்தத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். அடுத்த வருஷம் கோஷ்டி எந்தப் பாட்டில் தொடங்கும் என்று மட்டும் கேள். அதற்குப் பதில் எழுத அவர் மேசையடிக்குக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாரென்றால், நான் அடுத்த வருஷமும் இருப்பேன் என்று அவர் நம்புகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சறோஜினிதேவி