மூணு பேரும் நலமா?

கான்பூர்,
தை மாதம், 1967

அப்பாவுக்கு கண்ணையன் கும்பிட்டு எழுதுவது. உங்க கடுதாசி கிடைச்சது. எப்பவும்போல "இங்கு யாவரும் நலம்"னு ஆரம்பிச்சிருந்தீங்க. தங்கச்சி தவறி இன்னும் ஒரு மாசம் ஆகலை.

நான் கம்ப்யூட்டர்னு கணக்குப் போடற மெஷின்ல வேலை கத்துக்கினு இருக்கேன். அதுக்கு முழு எண் ஒரு தினுசு, புள்ளி வெச்ச எண் ஒரு தினுசு. அதுங்களைக் கூட்டலாம், பெருக்கலாம். ஆமா, இல்லைன்னு இன்னொரு தினுசு இருக்கு. அதைக் கூட்ட முடியாது. எல்லாமே ஆமாவா, ஒண்ணாவது ஆமாவான்னு கேக்கலாம், அவ்வளவுதான். நேத்து பழகறதுக்காக நீங்க, அம்மா, தங்கச்சி மூணு பேரும் நலமான்னு போட்டேன். தங்கச்சிக்கு இல்லைன்னு குடுத்தேன். எல்லாருமான்னு கேட்டா, இல்லைன்னு அடிச்சுது. ஒருத்தராவதான்னு கேட்டா, ஆமான்னுச்சு. சார் பார்த்துட்டு சரின்னார். நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

இங்க குளிர் ஜாஸ்தி. ஒலக்கூர் சீனுவாசன் லீவு முடிஞ்சி வரும்போது என் கம்பளியும் கொஞ்சம் வறுத்த மல்லாட்டையும் குடுத்தனுப்புங்க. தபால் எடுக்க ஆள் வந்தாச்சு.

அடுத்த கடுதாசியில யாவரும்னு எழுத வேணாம்ப்பா. அம்மா சோறு சாப்பிடுதான்னு மட்டும் எழுதுங்க. ஆமாவோ, இல்லையோ, ஒரு சொல் போதும்.

கண்ணையன்