கேப்டனின் ஒன்று பத்து

என்னங்க,

கடவுள் புண்ணியத்தில் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

இந்தப் பறக்கும் கிளப்பில் ஓட்டும், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ரேடாரில் சரியாகத் தெரியாதாம். இருக்கும் இடத்தை விமானியே ரேடியோவில் ரேடார் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். யாருக்கு எப்போது சாப்பாடு வைப்பது என்று அறிய, கிளப் சமையலறை ரேடியோவில் கேட்பதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைப்பேன்.

போன வாரம் கிளப்பின் பெரிய கேப்டன் ரேடாருக்குச் சொல்லாமலே கிளைடரில் பறந்து, பயணிகள் விமானத்துக்குக் குறுக்கே போய்விட்டார். விசாரணையில், "ரேடாருக்குச் சொல்லச் சொன்னேன், இந்தச் சமையல்காரி மறந்துட்டா" என்றார். என் வேலை போயிருக்கும். நோட்டைப் படித்துக் காட்டினேன்: 'ஒன்று பத்து. சூப்பைச் சூடா வைம்மா.' அன்று அவர் ரேடியோவில் பேசியது அவ்வளவுதான். அவருக்கு ஆறு மாதம் பறக்கத் தடை என்றார்கள். சாமியை நினைத்துக்கொண்டு, யாரும் கேட்காத பழைய பக்கங்களையும் நீட்டினேன்; எத்தனையோ நாள் அவர் இப்படியே சூப்பு மட்டும் கேட்டுவிட்டுப் பறந்தது அதில் இருந்தது. இனி அவர் ஆயுளுக்கும் பறக்க முடியாது. பாவம் என்று தோன்றவே இல்லை.

அடுப்பில் பால் இருக்கிறது, நிறுத்துகிறேன். புது நோட்டு அனுப்புங்கள். அட்டையில் சின்னவள் என் பெயரை எழுதட்டும். இங்கே அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.